இடது பக்கம் திரும்பினால் அடித்த ஹாரன்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. மூன்று நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஐந்தும் கார் சீட்டுத் தைத்த கையால் சோறு தின்று வளர்ந்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடுவில் யாரும், இந்த அம்மாவுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்க வேண்டியதில்லை.

படிப்பு பெரிதாக இல்லை. கையெழுத்துப் போடுவேன். பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவள் தன் இஷ்டத்துக்கு அழகுபடுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதச் சொன்னேன்.

நீங்கள் கார் உள்வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ரெக்சின் வெட்டுவது, மடிப்பு வைப்பது, கிளிப் மாட்டுவது எல்லாம் உங்கள் கடையில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பளபளவென்று எல்லாம் மாற்றிக் கொடுத்த வண்டி, மறுநாள் காலை கடை வாசலில் திரும்பி வந்து நிற்கும். வண்டிக்காரர் இறங்கும்போதே முகம் கோணியிருக்கும். விளக்கு எரியவில்லை என்பார், வைப்பர் நின்றுவிட்டது என்பார். 'நீங்க கை வெச்சதுக்கு அப்புறம்தான்' என்பார். அந்த நேரத்தில் உங்களுக்கு என்னென்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். முதலில் தோன்றுவது, நாம் இல்லை, வேறு யாரோ. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலை பார்த்த கடை தாம்பரத்தில் பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். எண்பதுகளில் அந்த மாதிரிக் கடையில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. பெண்கள் மிஷினில் தைப்பார்கள். ஆண்கள் வண்டிக்குள் போய் மாட்டுவார்கள். நான் தைத்த உறையை ஒருவன் கோணலாக மாட்டி, 'தையல் சரியில்லை' என்று என்மேலேயே பழி போடுவான். ஏழு வருஷம் பொறுத்தேன். ஏழு வருஷமும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஃபிட்டிங் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று. பொம்பளை வண்டிக்குள் குனிந்து வேலை செய்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பார். தையல் கோணல் என்று நினைக்க மாட்டார்கள் என்பேன்.

எங்கள் கடையில் அப்போது பெரியவர் ஒருவர் ஃபிட்டராக இருந்தார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. அவர் ஒருநாள் செய்ததைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் கூரை விளக்கு எரிகிறது என்று ஒரு வண்டி வந்தது. ஆளாளுக்கு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெற்றிலையை மென்றபடி வந்து, முந்தின நாள் கதவடியில் பட்டி மாற்றியது யார் என்று மட்டும் கேட்டார். ஒருவன் கையைத் தூக்கினான். பட்டியைக் கழற்றினால், போட வேண்டிய திருகுக்குப் பதில் அரை விரல் நீளத் திருகு. அது கீழே போகிற ஒயர் கட்டுக்குள் இறங்கி, இரண்டு ஒயரைக் கோத்து வைத்திருந்தது. பெரியவர் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "கடைசியா எவன் கை எங்க பட்டுச்சோ, அங்க மொதல்ல பாரு. அது உன் கையா இருந்தாலும் பாரு." அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பெரியவர் கண் மங்கி வீட்டோடு போனதும்தான் முதலாளி இறங்கி வந்தார். ஃபிட்டிங்குக்குப் போ, ஆனால் ஒரு தப்பு வந்தாலும் மறுபடி மிஷினுக்கு, பேச்சே கிடையாது என்றார். சரி என்றேன். பதினோரு வண்டி செய்தேன். ஒரு குறை வரவில்லை. என் நடையே மாறிப்போனது. ஸ்குரூ டிரைவரை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் கடைக்குள் நடப்பேன். மிஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் கடையின் எலெக்ட்ரீசியனை எல்லோரும் ஒயர்மேன் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் அடங்காது. நான் ஸ்பேனரைத் தொட்டால், "அக்கா, அது ஊசி இல்ல, பாத்து, நூலு கோக்காத" என்பான். நானும் விடுவதில்லை. இரண்டு பெண் குழந்தைகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான் அப்போது.

பன்னிரண்டாவது வண்டி ஒரு வெள்ளை அம்பாசடர். பல்லாவரத்துக்காரர் ஒருவருடையது. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுப்பவர், மற்ற நேரத்தில் மேடை ஏறி மூடநம்பிக்கையைக் கிழிப்பவர். திருநீறு வரவழைப்பது எப்படி, தீ மிதிப்பது எப்படி என்று செய்தே காட்டுவார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தெரியாமல் வைத்ததில்லை, தெரிந்தே வைத்தது. பெண்ணை அழைத்துப் போக வண்டியை உள்ளே முழுக்கப் புதிதாக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி விட்டுப்போன இரண்டாம் நாள், அவருடைய அம்மா தனியாக மின்சார ரயில் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். எண்பது வயது இருக்கும். முதலாளி சாப்பிடப் போகும்வரை வெளியே நின்று பார்த்திருந்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். சுருக்குப் பையிலிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். தீப்பெட்டி அளவு. கட்டம் கட்டமாகக் கீறல், ஒரு மூலையில் ஓட்டை, ஓட்டையில் மஞ்சள் கயிறு.

"என் புள்ள ராகு காலத்துல பொண்ண ஏத்தினு போறேன்றான். சொன்னா மேடையில பேசுற மாதிரி பேசுறான். இத வண்டிக்குள்ள எங்கனா வெச்சுடும்மா. அவனுக்குத் தெரியவே கூடாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபிட்டர் என்று நம்பி என்னிடம் வந்திருக்கிறாரே. சரி என்றேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். கால் படுகிற இடத்தில் வைக்கக்கூடாது. இரும்பு படக்கூடாது, அதனால் ஆணி, திருகு கூடாது. வஜ்ரப் பசை மாட்டுத் தோலில் காய்ச்சுவது, அது கூடாது. ரெக்சின் ஒட்டுகிற சொல்யூஷனை மோந்து பார்த்துவிட்டு, இந்த நாற்றத்தில் எந்தச் சாமி இருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டார். மிச்சம் என்ன இருக்கிறது? கயிறு. டாஷ்போர்டின் அடிப்பலகையை ரெக்சின் மாற்றுவதற்காகக் கழற்றி வைத்திருந்தேன். உள்ளே ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில், ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு நேராக, கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். பலகையை மூடினேன். புதுக் கிளிப் எல்லாம் 'டக் டக்' என்று உட்கார்ந்தது. பெரியம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு ரயிலுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி போனது. சனிக்கிழமை காலை திரும்பி வந்தது.

ஹாரன் தானாக அடிக்கிறதாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் திரும்பியிருக்கிறார். பாய்மீது கத்தரிக்காய் பரப்பி வைத்திருந்த கடைக்காரம்மா எழுந்து நின்று, ஒரு தடவை அடித்தால் காது கேட்காதா, நான் என்ன செவிடா என்று ஆரம்பித்து, அவருடைய குலம் கோத்திரம் வரை போய்விட்டாராம். அது போகட்டும். வீட்டு வாசலில் திரும்பும்போதும் அடித்திருக்கிறது. அங்கே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராகு காலத்தில் கல்யாணம் என்றதிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் எழுந்து, "வண்டியே வேணாம்னு கத்துது பாருங்க" என்று சொல்லியே விட்டாராம். நாளைக்குப் பெண் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அடித்தால்?

முதலாளி ஒயர்மேனைக் கூப்பிட்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஊசி நூல் என்று பேசினாயே, இப்போது வாங்கு என்று ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒயர்மேன் டெஸ்ட் லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான், பின்னால் போனான். வண்டி நின்றிருக்கும்போது ஹாரன் பரம சாது. அழுத்தினால் அடிக்கிறது, விட்டால் நிற்கிறது. பதினோரு மணிக்கு, டாஷ்போர்டு அடிப்பலகையைக் கழற்றிப் பார்க்கவா என்று என்னைக் கேட்டான். புதுக் கிளிப், கழற்றினால் தளர்ந்துவிடும், என் ஃபிட்டிங்கைக் கலைக்காதே, வேறு இடத்தில் பார் என்றேன். கிளிப்புக்காகச் சொன்னது பாதி. பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு பாதி. அந்தத் தகட்டால் ஹாரன் அடிக்கும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. அவனும் மரியாதைக்கு விட்டுவிட்டான். அவன் செய்த தப்பு அது.

மத்தியானம் முதலாளி பொறுமை இழந்தார். நாலு மணிக்குள் ஹாரன் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நீ வர வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வாய் அடங்காத ஒயர்மேன் பேசாமல் நின்றதும் என் சிரிப்பு போய்விட்டது.

ஓட்டிப் பார்ப்போம் என்று நாலு பேரும் ஏறினோம். வண்டிக்காரர் ஓட்டினார், பக்கத்தில் முதலாளி, பின்னால் நானும் ஒயர்மேனும். கடையைச் சுற்றி வருவதென்றால் எல்லாமே இடது பக்கத் திருப்பம். முதல் திருப்பம், ஹாரன். நேர் ரோடு, அமைதி. இரண்டாம் திருப்பம், ஹாரன். டிராஃபிக் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துச் சலாம் போடுவதா, பிடிப்பதா என்று தெரியாமல் நின்றார். மூன்றாவதில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கியே விட்டார். குண்டு குழியில் விழுந்தபோது அடிக்கவில்லை. பிரேக் போட்டபோது அடிக்கவில்லை. எனக்கு என்னவோ தோன்றியது. வலப் பக்கம் ஒரு தடவை திருப்புங்கள் சார் என்றேன். திருப்பினார். சத்தமே இல்லை. மறுபடி இடது என்றேன். அலறியது.

ஒயருக்கு இடது வலது தெரியாது, பிள்ளைகளே. தொங்குகிற பொருளுக்குத்தான் தெரியும். வண்டி இடது பக்கம் திரும்பினால் அது வலது பக்கம் ஆடும். அந்த வண்டிக்குள் தொங்குகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைத் தொங்கவிட்ட கை என் மடியில் இருந்தது.

வண்டி கடைக்குத் திரும்பியது. பொய் சொல்ல மாட்டேன், என் மனதில் ஓடியது நியாயம் எல்லாம் இல்லை. ஏழு வருஷம் கேட்டு வாங்கிய ஃபிட்டிங் வேலை. சொன்னால் அது போயிற்று. சொல்லாமல் இருந்தால் ஒயர்மேன் போவான், வண்டியும் போகும், திங்கட்கிழமை நான் சத்தமில்லாமல் ஏதாவது சாக்குச் சொல்லித் தகட்டை எடுத்துவிடலாம். இந்தக் கணக்கு என் தலையில் ஒரு தடவை முழுதாக ஓடி முடிந்தது. ஓடவில்லை என்று சொன்னால் நீங்கள் என்னை நம்பக்கூடாது. பக்கத்தில் ஒயர்மேன் டெஸ்ட் லைட்டின் ஒயரைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி நின்றதும் இறங்கிச் சொன்னேன். "மொதலாளி, அவன் மேல ஒண்ணும் இல்ல. நான் கட்டுனது ஒண்ணு உள்ள ஆடிக்கினு கீது."

பெரியம்மா பெயர் வெளியே வரக்கூடாது என்பது மட்டும் மிச்சம். சார் வெயிலில் நிற்கிறாரே, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் முடித்துவிடுகிறேன் என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் நகர்வாரா? எதற்கும் ஒரு காரணம் உண்டு என்று ஊர் ஊராகப் பேசுகிறவர். காரணத்தைக் கண்ணால் பார்க்காமல் போக மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நின்றுவிட்டார். வேறு வழியில்லை. அவர் முன்னாலேயே கிளிப்பை நெம்பினேன். பலகை இறங்கியது. மஞ்சள் கயிற்றில் தகடு ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. பகுத்தறிவுக்காரர் வண்டியில் மந்திரத் தகடு. வண்டிக்காரர் அதைக் கையில் வாங்கி, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். என்னுடையதுதான் சார், நான் வேலை செய்கிற வண்டியிலெல்லாம் ஒன்று வைப்பேன் என்று கூசாமல் சொன்னேன். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மூலையில பல்லுத் தடம் இருக்கே. இது உங்க பல்லாம்மா?"

நான் குனிந்து கீழே விழுந்த கிளிப்பைத் தேடினேன்.

"என்னோடது. தொட்டில்ல கட்டியிருந்தாங்க. நான் கடிச்சுக் கடிச்சு மூலையே மழுங்கிப்போச்சுன்னு அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாங்க."

அவர் ஒயர்மேனைத் திரும்பிப் பார்த்து, ஹாரன் ஏன் அடித்தது என்று விளக்கச் சொன்னார். ஒயர்மேன் தகட்டை உள்ளே பிடித்துக் காட்டினான். தகட்டின் ஒரு முனை ஹாரன் ஒயர் மூட்டில் படுகிறது, இன்னொரு முனை வண்டி இரும்பில் படுகிறது. இரண்டும் சேர்ந்தால் யாரோ ஹாரனை அழுத்தியது மாதிரி. சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பிறகு, "மொதலாளி, வண்டி மொதல்ல வந்தப்ப அந்த மூட்ட மாட்டுனது நான்தான், டேப்பு சுத்தாம வுட்டுட்டேன். சுத்தியிருந்தா தகடு பட்டாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. தானாகச் சொன்னான்.

வண்டிக்காரர் தகட்டைத் தானே வாங்கி அந்த மூட்டில் வைத்துப் பார்த்தார். ஹாரன் அடித்தது. எடுத்தார், நின்றது. சோதனைக்கூடத்தில் செய்வது மாதிரி மூன்று தடவை செய்தார். ரோட்டில் போகிறவர்கள் ஒதுங்கினார்கள்.

"செம்புக்குச் சக்தி இருக்குன்னு அம்பது வருஷமா அம்மா சொல்றாங்க. கரண்ட்டைக் கடத்துற சக்தி இருக்கு. அதுவரைக்கும் நான் ஒத்துக்கறேன்." தகட்டைச் சட்டையில் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி. இதை எங்க வெச்சா ஹாரன் அடிக்காது? நான் பாத்தது அம்மாவுக்குத் தெரியவேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆணி கூடாது, திருகு கூடாது, வஜ்ரம் கூடாது, சொல்யூஷன் கூடாது, கால் படக்கூடாது. இத்தனை கூடாதுக்கும் ஒரே பதில் என் கையிலேயே இருந்தது. தைத்திருக்கலாம். ஒரு துண்டு ரெக்சினில் பை மாதிரி தைத்து, அதற்குள் தகட்டைப் போட்டு, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே வெயில் மறைப்பின் பின்பக்கம் வைத்து நாலு பக்கமும் தைத்திருந்தால், ஆடாது, படாது, தெரியாது. ஏழு வருஷம் தைத்தவளுக்குத் தைக்கத் தோன்றவில்லை. இடுப்பில் ஸ்குரூ டிரைவர் ஏறியதும் கையிலிருந்த ஊசி மறந்துபோய்விட்டது. மிஷினில் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒயர்மேன் பக்கத்தில் நின்று ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒரு இளிப்பு இருந்தது. அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது.

நாலு மணிக்குள் இடது பக்கமாகவே பத்துத் தடவை சுற்றிவிட்டு வந்தோம். போலீஸ்காரர் இந்த முறை எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை.

முதலாளி ஒயர்மேனை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், சொன்ன சொல் ஞாபகம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்று திங்கட்கிழமை காலை மிஷினில் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை பெரியம்மா வந்தார், கல்யாண லட்டோடு. பெண் கல்யாணத்துக்கு நல்லபடியாகப் போய் இறங்கினாளாம். வெள்ளிக்கிழமை என்னவோ ஹாரன் பேய் மாதிரி அடித்ததாம், சனிக்கிழமையோடு அடங்கிவிட்டதாம். "தகடு வேலை செய்ய ஒரு நாள் புடிச்சிருக்கு" என்றார் என் காதோடு. ஆமாம் பெரியம்மா என்றேன். மகன் தகட்டைப் பார்த்துவிட்டது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அம்மா, மகன் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதனால்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

புதன்கிழமை ஒரு வண்டி உள்வேலைக்கு வந்தது. முதலாளி அதன் சாவியைக் கொண்டுவந்து என் மிஷின்மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து தொண்ணூறுகளின் கடைசியில் நான் வீட்டோடு நிற்கும்வரை, எந்தப் பலகையையும் நான் தனியாக மூடியதில்லை. ஒயர்மேனைக் கூப்பிட்டு டார்ச் அடித்து இரண்டு பேரும் உள்ளே பார்ப்போம். அவன் என் வேலையைப் பார்ப்பான், நான் அவன் டேப்பைப் பார்ப்பேன். "தகடு எதுனா கீதா அக்கா?" என்பான் தவறாமல், வண்டிக்காரர் காது கேட்கவே. கோளாறு வரும், பிள்ளைகளே. ஃபியூஸ் பெட்டிக்கு ஓடுவதற்கு முன்னால் உங்கள் கையைக் கேளுங்கள், நீ கடைசியாக என்ன செய்தாய் என்று. அது கூச்சப்பட்டால், அங்கேதான் திறக்க வேண்டும்.

எழுதிவிட்டாயா கண்ணு? முதலிலிருந்து படி, கேட்போம். மெதுவாகப் படி. காரில் திரும்பி வரும்போது என் தலைக்குள் ஒரு கணக்கு ஓடியதே, அந்த இடம் இருக்கிறதா பார். அதை மட்டும் நீ மனசு கேட்காமல் விட்டிருப்பாய், எனக்குத் தெரியும். இல்லையென்றால் இப்போதே எழுது, அப்புறம் படி.